இருப்பது தெரியாத பூச்சு

"அம்மா, எனக்கு ஒரு பூச்சு சொல்லணும்."

திருமலைக்கொழுந்து அண்ணாச்சி வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

மொழியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்ன பூச்சு?"

"மரத்துக்கு. பெயிண்ட் அடிச்ச மரம். வெயில்லயும் சாரல்லயும் வெளியில நிக்கணும். அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வேணும். உள்ள இருக்கிற நிறம் மங்கக் கூடாது, உரியக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்."

மொழியம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, பெயிண்ட் கடை வச்சிருந்தது நீங்களா, நானா?"

அண்ணாச்சி முறத்தை இழுத்துத் தானும் கீரை உருவத் தொடங்கினார்.

குற்றால மலையின் அடிவாரத்தில், இலஞ்சிக்குப் போகும் வழியில் இருந்தது அந்த ஓலைக் குடில். அங்கே இருப்பவரின் முழுப்பெயர் குழல்வாய்மொழி. நாற்பத்தைந்து வயதிருக்கும். உபதேசம் கேட்டு வருகிறவர்களிடம் முறத்தை நகர்த்தி, கீரையை உருவச் சொல்வார். உருவி முடிப்பதற்குள் சிலருக்குத் தாங்கள் வந்த காரணமே மறந்துபோகும். மறக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்கும். அது வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் புரியும்.

அண்ணாச்சி அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். ஆனாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மா இவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். இதில் குரு யார், சிஷ்யர் யார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவதுண்டு.

"எந்த மரம்?" என்று கேட்டார் மொழியம்மா.

"வீட்டு கேட்."

சொல்லிவிட்டு அண்ணாச்சி கீரையைக் கீழே விட்டுவிட்டுக் காம்பை முறத்தில் போட்டார்.

*

அந்த கேட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தென்காசியில் அண்ணாச்சியின் பெயிண்ட் கடை பேர்பெற்றது. எந்த மரத்துக்கு எந்த வார்னிஷ், எந்தச் சுவருக்கு எத்தனை கோட்டு என்பதெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் சந்தேகப்படுகிற வாடிக்கையாளரிடம் அவர் வாதம் செய்வதில்லை.

"என் வீட்டு கேட்டைப் போயிப் பாரும் வே," என்பார். அவ்வளவுதான்.

இரண்டு கதவு வைத்த மர கேட். புது வீட்டுக்குக் குடிபோன வருஷம் அண்ணாச்சி தன் கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, மயில்நீல எனாமலில் இரண்டு கோட்டு கொடுத்தார். அதன்மேல் படம் வரைந்தது அவர் மனைவி செண்பகவடிவு. கதவுக்கு ஒரு பச்சைக்கிளி. ஒவ்வொரு கிளியின் மூக்குக்கும் எதிரே பாதிக் கொய்யாப்பழம். கேட்டைச் சாத்தினால் பழம் முழுசாகிவிடும், இரண்டு கிளியும் ஒரே பழத்தைக் கொத்தும். கேட்டைச் சாத்துவதற்காகவே தெருப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

அந்த கேட் இருபது வருஷம் அப்படியே நின்றது. வெளுக்கவும் இல்லை, பொருக்கு விடவும் இல்லை.

"நான் பிரைமர் அடிச்ச மரம்லா!" என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொள்வார்.

பக்கத்து வீட்டு மாடக்கண்ணு, ஆடு வளர்க்கிறவன், அதே கடையில் அதே நீலத்தை வாங்கித் தன் ஜன்னலுக்கு அடித்தான். மூன்றாம் வருஷமே அது வெளுத்து உரிந்தது. கடைக்கு வந்து முறையிட்டான்.

"நீ அடிச்ச முறை சரியில்லடே. என் கேட்டைப் பாரு."

மாடக்கண்ணு எதையோ சொல்ல வாயெடுத்தான். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அண்ணாச்சிக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

பெயிண்ட் வாசம் அவர் உடம்போடு ஊறிப்போன ஒன்று. கலர் கலக்கிக் கலக்கி நகக்கண்ணெல்லாம் வண்ணம். மத்தியானம் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அப்படியும் சில நாள் இலையிலேயே வாசம் அடிக்கும்.

"கையில இருந்து போகவே மாட்டேங்குதே!" என்பார்.

"போயி இன்னொருக்கக் கழுவிட்டு வாங்க," என்பாள் வடிவு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவரும் சமர்த்தாக எழுந்து போய், இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவார்.

போன வருஷம் சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தாள் வடிவு. எழுந்திருக்கவில்லை.

அண்ணாச்சி கடையை மருமகனிடம் விட்டுவிட்டார். வாங்குகிறவர்களிடம் பேச வாயில் வார்த்தை இல்லை.

ஆனியில் சாரல் வந்தது. ஆவணியில் வெயில் வந்தது. இருபது வருஷம் அசையாமல் இருந்த அந்த நீலத்தில் வெள்ளையாக மாவு பூத்தது. கார்த்திகை மழைக்கு ஒரு கிளியின் இறக்கை பொருக்கு விட்டது.

அன்றைக்கே அண்ணாச்சி கேட்டைக் கழற்றி, போர்வையால் சுற்றி, கூடத்தில் சாத்தி வைத்துவிட்டார்.

கேட் இல்லாத வீட்டை ஆடு சும்மா விடுமா? மாடக்கண்ணுவின் ஆடுகள் வடிவு வைத்த பிச்சிக்கொடியைத் தின்றன. அடுக்குச் செம்பருத்தியைத் தின்றன. அண்ணாச்சி குறுக்கே கயிறு கட்டினார். ஆடுகள் குனிந்து வந்தன.

*

"இருபது வருஷம் தாங்கின பெயிண்ட் அம்மா. அவ போன வருஷமே உரியுது. மரமும் துக்கம் கொண்டாடுது."

மொழியம்மா உருவிய காம்பை ஒதுக்கி வைத்தார்.

"பூச்சு எதுவும் பாத்து வச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அண்ணாச்சி பையைத் திறந்தார். உள்ளே நான்கு பலகைகள். நான்கிலும் அதே நீலம், அதே பச்சை. போன புரட்டாசியிலிருந்து மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தவை. கடையை விட்டாலும் கடைக்காரப் புத்தி விடவில்லை.

"இது சாதா வார்னிஷ். மஞ்சளாப் போகும். பாருங்க, நீலம் பாசி நிறமாயிட்டு."

"ம்."

"இது மேசை நாற்காலிக்கு அடிக்கிறது. கல்லு மாதிரி இறுகும். அதான் தொல்லை. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இது அதுகூட சேந்து அசையாது. வெங்காயத் தோல் மாதிரி கழண்டுட்டு."

"ம்."

"இது தண்ணியில கரைக்கிற, நிறமில்லாத கிளியர். அவசரத்துல கனமா அடிச்சுட்டேன். காயும் முன்னால தூறல் விழுந்துட்டு. பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போச்சு."

"நாலாவது?"

அண்ணாச்சியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்து முகம்.

"இதுவும் தண்ணியில கரைக்கிறதுதான். ஆனா வெளி மரத்துக்குன்னே வர்றது. வெயில் தாங்கும். மஞ்சள் ஏறாது. மெல்லிசா மூணு கோட்டு, ஒண்ணு காஞ்ச பொறவு ஒண்ணு. பாருங்க, மேல பூச்சு இருக்குன்னு சொல்ல முடியுதா?"

மொழியம்மா பலகையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இருக்கா என்ன?"

"இருக்கு! அதாம்மா நல்ல பூச்சுக்கு லட்சணம். இருக்கிறதே தெரியக் கூடாது. அடி அதுக்கு, வெயில் அதுக்கு, மழை அதுக்கு. பேரு மட்டும் உள்ள இருக்கிற நிறத்துக்கு."

சொல்லிவிட்டு அண்ணாச்சி சிரித்தார். கடையில் ஆயிரம் தடவை சொன்ன வசனம் அது.

மொழியம்மா சிரிக்கவில்லை. பலகையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கண்டுபிடிச்சாச்சு. அதையே அடிச்சிற வேண்டியதுதானே?"

அண்ணாச்சியின் சிரிப்பு அடங்கியது.

"அடிக்க முடியாதும்மா."

"ஏன்?"

"உரிஞ்ச பெயிண்ட் மேல எந்தப் பூச்சும் நிக்காது. மாவு பூத்ததைத் தேய்ச்சு எடுக்கணும். பொருக்கைச் சுரண்டணும். உப்புத்தாள் போடாம ஒண்ணும் நடக்காது."

"போடுங்க."

"அவ வரைஞ்சதும்மா! அவ கை பட்ட இடம். அதை நான் எப்படித் தேய்ப்பேன்? தேய்க்காம நிக்கிற பூச்சு ஏதாவது இருக்கா? அதைக் கேக்கத்தான் வந்தேன். இன்னும் கொஞ்ச நாள்ல சாரல் தொடங்கிரும். வெளியில மாட்டினா கிளி போயிரும். மாட்டலைன்னா அவ தோட்டம் போயிரும்."

கண் கலங்கிவிட்டது. மறைக்க அவர் முயலவில்லை.

மொழியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கேட்டை இங்க கொண்டு வாங்க," என்றார். "உப்புத்தாளும் கொண்டு வாங்க."

"உப்புத்தாள் எதுக்கும்மா?"

"எங்கிட்ட இல்ல. அதுக்குத்தான்."

*

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் கேட் வந்து இறங்கியது.

அண்ணாச்சி போர்வையை விலக்கினார். வேப்பமரத்தடியில் இரண்டு கதவையும் சாத்தி வைத்தார். இரண்டு கிளிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. இடது வலது மாற்றி வைத்துவிட்டார். பதறிப்போய் மாற்றி வைத்தார்.

மொழியம்மா கேட்டின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகு," என்றார்.

அண்ணாச்சிக்கு உள்ளம் குளிர்ந்தது. "ஒரே தடவையில வரைஞ்சது அம்மா. அழிச்சுத் திருத்தல. அன்னைக்கு வரைஞ்சது அப்படியே..."

"அந்த உப்புத்தாளை இப்படிக் குடுங்க."

அண்ணாச்சி கொடுத்தார். அதை ஏன் கொடுத்தோம் என்று மறுநிமிஷமே வருந்தினார்.

மொழியம்மா உப்புத்தாளை மடித்து, பொருக்கு விட்ட இறக்கையின்மேல் வைத்து, தேய்த்தார்.

"அம்மா!"

மொழியம்மா நிறுத்தவில்லை.

"அம்மா, வேண்டாம்! ஐயோ, அம்மா!"

அண்ணாச்சி கையைப் பிடிக்கப் போனார். குருவின் கையை எப்படிப் பிடிப்பது? தன் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கணத்தில் அவருக்கு மொழியம்மாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வடிவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோதுகூட அவர் இப்படிக் கத்தவில்லை.

ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்த்ததும் மொழியம்மா ஊதினார். பச்சைத் தூள் பறந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

அண்ணாச்சி பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெயிண்ட்காரர்தானே நீங்க? எனக்குத் தெரியல. சொல்லுங்க."

அவர் அரைமனதாகக் குனிந்தார்.

தேய்த்த இடத்தில் வட்டம் வட்டமாக இருந்தது. வெளியே ஒரு பச்சை. அதற்குள் வேறொரு பச்சை. அதற்குள் இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் ஒரு கீற்று மயில்நீலம். நடுவே, பொட்டு வைத்ததுபோல, பிரைமரின் செம்மண் நிறம்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மண்டியிட்டார்.

"இது..." என்றார். நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"இது இலைப்பச்சை. நான் கடையைப் பெரிசு பண்ணின வருஷம் வந்தது. அந்த ஒரு வருஷந்தான் வந்தது. அதுக்கப்புறம் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்."

"அதுக்குள்ள?"

"இது வாழைக்குருத்து. மக கல்யாணத்து வருஷம். அந்த வருஷம் இது விக்கவே இல்ல. மிச்ச டப்பாவைப் பின்னால கொட்டகையிலதான் போட்டேன்." விரல் நகர்ந்தது. "இது அதுக்கு முன்னால... இது அதுக்கும் முன்னால..."

விரல் செம்மண் நிறத்தில் வந்து நின்றது.

ஒவ்வொரு வளையமும் அவர் விற்ற நிறம். எது எந்த வருஷத்துச் சரக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்த கேட்டில் அவை எப்படி வந்தன என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

"ஒரே தடவையில வரைஞ்சதுன்னீங்க," என்றார் மொழியம்மா.

"ஒரே தடவைதான்! நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பொறவு யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல. அடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா? எனாமல் அம்மா! அடிச்சா வீட்டுல ரெண்டு நாளைக்கு வாசம் நிக்கும். ஊருக்கே பெயிண்ட் வித்த மூக்கு இது. வாசம் வந்திருக்கும்லா?"

மொழியம்மா எழுந்தார். சேலையில் ஒட்டிய பச்சைத் தூளைத் தட்டினார்.

"நல்ல கேள்வி," என்றார். "கேட்டைக் கொண்டுபோயி மாட்டுங்க. தேய்ங்க. அடிங்க. அடிச்சு முடிச்சு, சாப்பிட்டுட்டு வந்து பதில் சொல்லுங்க."

"நானா? எனக்குக் கிளி வரைய வராதும்மா."

மொழியம்மா அதற்குள் கீரைப் பாத்திக்குப் போய்விட்டார்.

*

அண்ணாச்சி கேட்டை மாட்டினார். கீலுக்கு எண்ணெய் விட்டார். தேய்த்தார்.

முதலில் ஓரத்தில் மட்டும் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பயம் போய் ஆசை வந்தது. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று பார்த்தார். நீலத்துக்குக் கீழேயும் நீலங்கள் இருந்தன. ஒரு வருஷம் கிளியின் மூக்கு ஆரஞ்சாக இருந்திருக்கிறது. ஒரு வருஷம் கொய்யாப்பழம் மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. தினமும் இரண்டு வேளை இந்த கேட்டைத் திறந்து மூடியவர் அவர். அந்த மஞ்சள் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

கிளியையும் பழத்தையும் விட்டுவிட்டுச் சுற்றிலும் நீலம் அடித்தார். ஒரு நாள் காயவிட்டார்.

அடுத்த நாள் காலையில் பச்சை டப்பாவும் மெல்லிய பிரஷுமாகத் தெருவில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தேய்த்த பிறகும் பழைய கிளியின் கோடு மங்கலாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின்மேல் பிரஷை ஓட்டினார். இரண்டு பாதிப் பழத்தையும் முடித்துவிட்டு, கிளியின் வாலில் தொடங்கி மேலே வந்தார். கிளி என்னவோபோல் வந்தது.

"மூக்குல இருந்துலா ஆரம்பிக்கணும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாடக்கண்ணு. பக்கத்தில் இரண்டு ஆடுகள். கேட் வந்துவிட்ட வருத்தம் ஆடுகளின் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"என்னடே?"

"அக்கா மூக்குல இருந்துதான் ஆரம்பிப்பாக. நீங்க வால்ல இருந்து வாரீங்க. அதான் கொக்கு மாதிரி இருக்கு."

அண்ணாச்சியின் பிரஷ் நின்றது.

"அவ அடிச்சதை நீ பாத்தியா?"

"நானா? தெருவே பாக்கும். வைகாசி வந்தா, நீங்க கடைக்குப் போன பொறவு டப்பாவைத் தூக்கிட்டு வந்துருவாக. நீங்க சாப்பிட வார நேரத்துக்கு கேட்டை வெளியத் திறந்து, கிளிப் பக்கம் சுவரைப் பாக்கச் சாச்சு வச்சிருவாக. ஈரம் ஒட்டிராம நடுவுல ஒரு கல்லு."

கேட் வெளியே திறந்து கிடந்த மத்தியானங்கள் அண்ணாச்சிக்கு ஞாபகம் இருந்தன. 'ஆடு வந்துரும்ட்டி, ஏன் திறந்து போட்டிருக்க?' என்று கத்திக்கொண்டேதான் உள்ளே போவார். சாத்திவிட்டுப் போகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பசி.

"பின்ன ஏன்டே எங்கிட்டச் சொல்லல? ஜன்னல் உரிஞ்சு போச்சுன்னு கடையில வந்து நின்னியே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்லா?"

மாடக்கண்ணு ஆட்டின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தான்.

"வாய் வரைக்கும் வந்துது அண்ணாச்சி. அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டாக."

"என்ன சொன்னா?"

"'அவுகளுக்கு இந்த கேட்டுல அம்புட்டுப் பெருமை. இருந்துட்டுப் போகட்டும்டே'ன்னாக."

அண்ணாச்சி பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார்.

"என் ஜன்னலுக்கும் அந்த வருஷம் அக்காதான் அடிச்சுக் குடுத்தாக," என்றான் மாடக்கண்ணு. "அதையும் சொல்லக் கூடாதுன்னாக. சொல்லிட்டேன்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். நாலடி போய்த் திரும்பினான்.

"இருந்தாலும் பழம் நல்லா வந்திருக்கு அண்ணாச்சி."

பழம் நன்றாக வரவில்லை. கேட்டைச் சாத்திப் பார்த்தபோது ஒரு பாதி விரல்கடை உயரத்தில் இருந்தது, மறுபாதி தாழ்ந்து இருந்தது. அண்ணாச்சி எட்ட நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். துடைத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாமா என்று யோசித்தார்.

இருக்கட்டும், அடுத்த வைகாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அப்படி நினைத்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் அந்த நாலாவது பலகையின் பூச்சு, உடைக்காத புது டின், தயாராக இருந்தது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் மெல்லிசாக மூன்று கோட்டு அடிக்கலாம் என்று வாங்கி வைத்தது. அதை அடித்துவிட்டால் அடுத்த வருஷம் அதைத் தேய்த்து எடுத்தபிறகுதான் கிளியைத் தொட முடியும்.

டின்னை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார்.

"ஏ மாடக்கண்ணு! இதை உள்ள வையி. உன் ஜன்னலை நாளைக்கு நான் வந்து தேய்க்கேன். நீலம் அடிச்சு, காஞ்ச பொறவு இதையும் அடிச்சுருவோம்."

"அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"நீ அடிச்ச முறை சரியாத்தான்டே இருந்துது," என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

*

மத்தியானம் ஆகிவிட்டது. மேற்கே மலைமேல் மேகம் கூடியிருந்தது. காற்றே இல்லை. புழுக்கம்.

கேட்டை வெளியே திறந்து சுவரோடு சாய்த்தார். நடுவில் ஒரு கல்லை வைத்தார். ஈரம் ஒட்டவில்லை. அந்தக் கல் கேட்டுக்குப் பக்கத்திலேயேதான் கிடந்தது. அது எதற்காக அங்கே கிடக்கிறது என்று இத்தனை வருஷம் அவர் கேட்டதில்லை.

பிரஷைத் தின்னரில் அலசினார். கையையும் தின்னரில் துடைத்தார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார்.

காலையில் வடித்த சோறு இருந்தது. தானே வைத்த புளிமிளகாய் இருந்தது. இலை போட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிசைந்தார். முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

வாசம் அடித்தது.

"சவம், கையில இருந்து போகவே மாட்டேங்குதே!"

எழுந்தார். கால் தானாகக் குழாயடிக்குப் போனது. இடது கை சோப்பை எடுத்தது.

அப்படியே நின்றார்.

கடையில் அவர் கலர் கலக்காத நாள் கிடையாது. ஆனால் இலையில் வாசம் அடித்தது எல்லா நாளும் இல்லை. எப்போது? வைகாசியில். புழுங்கும். மேற்கே மேகம் நிற்கும். கேட் திறந்து கிடக்கும். கத்திக்கொண்டே வந்து உட்காருவார். அவள் குனிந்து சோறு போடுவாள். குழம்பு ஊற்றுவாள். அப்பளத்தைக் கையாலேயே எடுத்து இலையில் வைப்பாள்.

போயி இன்னொருக்கக் கழுவிட்டு வாங்க.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

குழாயடியில் தனியாக நின்ற அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் கண்ணீர் வழிந்தது. வழியட்டும் என்று விட்டார்.

"கள்ளி," என்றார்.

சோப்பை அது இருந்த இடத்திலேயே வைத்தார். கை கழுவாமல் வந்து உட்கார்ந்து, அந்தச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.